ஜீப்பின் ஸ்டியரிங்கும் எக்ஸலும் மாற்றப் போகிறீர்களா? வாகனப் புத்தகத்தை முதலில் திறந்து பாருங்கள்

வெல்லாவெளி, வவுணதீவுப் பக்கம் மாரியில் வயலுக்குப் போகிறவர்களுக்கும், பாணமை தாண்டி உகந்தை வரை அடிக்கடி ஓடுகிறவர்களுக்கும் பெரிய டயர் போடும் ஆசை வருவது இயல்பு. டயர் பெரிதானால் வாகனத்தை உயர்த்த வேண்டும். உயர்த்தினால் ஸ்டியரிங் கோணம் கெடும், எக்ஸலுக்குப் பாரம் கூடும். அப்புறம் அவற்றையும் மாற்ற வேண்டி வரும். இந்த வேலைகளைச் செய்ய நம்மூரில் திறமையான பாஸ்மாருக்குக் குறைவில்லை. சட்டப்படி எதை மாற்றலாம், மாற்றியதை யாருக்குச் சொல்ல வேண்டும் என்பதைத்தான் பலர் கேட்காமல் விடுகிறார்கள்.

இலங்கையில் இதற்கு அடிப்படை 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம். வாகனம் என்ன விவரங்களோடு பதியப்பட்டதோ அதே விவரங்களோடு வீதியில் ஓட வேண்டும். அவை மாறினால் மோட்டார் போக்குவரத்து ஆணையாளர் நாயகத்துக்கு அறிவித்துப் பதிவைத் திருத்திக்கொள்ள வேண்டும். அந்த விவரங்கள் எவை என்று தேடி அலைய வேண்டியதில்லை. உங்கள் வீட்டு அலுமாரியில் இருக்கும் பதிவுச் சான்றிதழிலேயே, அதாவது நாம் வாகனப் புத்தகம் என்று சொல்வதிலேயே, இருக்கின்றன.

பலரும் அதில் சேசி இலக்கத்தையும் எஞ்ஜின் இலக்கத்தையும் மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுவார்கள். கொஞ்சம் கீழே இறங்கிப் பாருங்கள். முன், பின் டயர் அளவு, முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் இடைப்பட்ட நீளம், வாகனத்தின் நீள அகல உயரம், வெறும் எடை, மொத்த எடை எல்லாம் இருக்கும். எக்ஸலுக்கென்று தனி இலக்கம் அங்கே இல்லை. ஆனால் வேறொரு வாகனத்தின் அகலமான எக்ஸலைப் பொருத்தினால் அகலம் மாறும். ஸ்பிரிங் தாங்கிகளை நகர்த்தினால் சில்லிடை நீளம் மாறும். டயரும் உயரமும் சொல்லவே வேண்டாம். ஆகவே இப்படிப் பிரித்துப் பாருங்கள்: தேய்ந்த பாகத்துக்குப் பதிலாக அதே அளவில், அதே இடத்தில், இன்னும் பலமான பாகம் போடுவது பழுதுபார்ப்பு. புத்தகத்தில் உள்ள ஓர் எண்ணையோ சொல்லையோ பொய்யாக்குவது மாற்றம். இரண்டாவது வகை என்றால் காசு கொடுக்கும் முன்பே மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ உள்ள மாவட்ட மோட்டார் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போய் வாகனப் பரிசோதகரிடம் கேளுங்கள். பொருத்திவிட்டுக் கேட்டால் கழற்றச் சொல்லும்போது நட்டம் உங்களுக்குத்தான். லீசிங்கில் உள்ள வாகனமென்றால் புத்தகத்தில் முழுமையான உரிமையாளராக இருப்பது நிதி நிறுவனம். அவர்களுடைய எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் கை வைக்க வேண்டாம்.

‘வருமான அனுமதிப்பத்திரம் ஒவ்வொரு வருடமும் கிடைக்கிறதுதானே, அப்படியென்றால் எல்லாம் சரிதானே’ என்று சிலர் சொல்வார்கள். அது சரியில்லை. பிரதேச செயலகத்தில் அதைப் புதுப்பிக்கக் காப்புறுதியும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் கேட்கிறார்கள். புகைப் பரிசோதனை எஞ்ஜின் விடும் புகையை அளப்பது. உங்கள் டை ரொட்டை (முன் சில்லுகள் இரண்டையும் சேர்த்துத் திருப்பும் கம்பி) எங்கே வெட்டி ஒட்டினீர்கள் என்று அது பார்ப்பதில்லை. அது தெரிய வருவது பெரும்பாலும் விபத்துக்குப் பிறகு, பொலிஸார் வாகனத்தைப் பரிசோதகரிடம் காட்டி அறிக்கை எடுக்கும்போதுதான். முழுக் காப்புறுதி எடுத்தவர்கள் மாற்றத்தைக் காப்புறுதி நிறுவனத்துக்கும் முன்பே எழுதிக் கொடுக்க வேண்டும். மறைத்த மாற்றம் இழப்பீட்டை மறுக்கக் காரணமாகலாம்.

சரி, இனி பாகங்களுக்கு வருவோம். புத்தகத்துக்குள் நின்றுகொண்டே செய்யக்கூடிய நல்ல வேலைகள் நிறைய உண்டு.

ஸ்டியரிங்கை எடுத்தால் முதலில் பார்க்க வேண்டியது கோணம். எல்.என். 106 ரக பழைய டொயோட்டா ஹைலக்ஸ் கெப்பில் முன்பக்கம் இரண்டு சில்லுகளையும் இணைக்கும் முழு எக்ஸலும் பட்டை ஸ்பிரிங்கும் இருக்கின்றன. ஸ்டியரிங் பெட்டியிலிருந்து சில்லைத் திருப்பும் இழுப்புக் கம்பி அதில் முன்பின்னாக ஓடுகிறது. வாகனத்தை உயர்த்தியதும் அந்தக் கம்பி அதிகமாகச் சரிந்து, சில்லு ஒவ்வொரு பள்ளத்தில் இறங்கும்போதும் ஸ்டியரிங் தானாகத் திரும்பும். இதற்குக் கம்பியைக் குறுக்காக ஓடவிடும் உயர்ந்த ஸ்டியரிங் கைகளைப் பொருத்துவது சரியான தீர்வு. லாண்ட் ரோவர் டிஃபென்டரில் கம்பி ஏற்கெனவே குறுக்காகத்தான் இருக்கிறது. அங்கே எக்ஸலைப் பக்கவாட்டில் பிடிக்கும் பனார்ட் கம்பியும் இழுப்புக் கம்பியும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். உயர்த்தினால் முன் எக்ஸலின் பின்சாய்வும் (காஸ்டர் கோணம்) குறையும். அப்போது வளைவில் திருப்பிய ஸ்டியரிங் தானாக நேராகாது. நேர்வீதியிலும் வண்டி அலையும். பட்டை ஸ்பிரிங்குக்கு ஆப்புத் தகடும் டிஃபென்டருக்கு எக்ஸலைப் பிடிக்கும், சாய்வு திருத்திய கைகளும் கிடைக்கின்றன. இவை இல்லாமல் உயர்த்தும் வேலை முடிந்ததாகவே கணக்கில்லை.

டை ரொட்டைத் தடித்ததாக மாற்றுங்கள், பழைய குண்டு மூட்டுகளைப் புதிதாகப் போடுங்கள். ஆனால் ஸ்டியரிங் பெட்டியில் பூட்டியிருக்கும் பிட்மன் கையைச் சூடுகாட்டி வளைப்பதையும் டை ரொட்டை இரண்டாக அறுத்து நடுவில் ஒட்டுப் போடுவதையும் ஒருபோதும் ஒப்புக்கொள்ளாதீர்கள். எவ்வளவு அழகான வெல்டிங் என்றாலும் சூடு உருக்கின் குணத்தைக் கெடுத்துவிடும். அது முறிவது மெதுவாக ஊரும் சேற்றில் அல்ல, கல்முனை வீதியில் எதிரே பஸ் வரும்போதாகவும் இருக்கலாம். இயந்திர இணைப்பே இல்லாமல் எண்ணெய் அழுத்தத்தால் மட்டும் இயங்கும் முழு ஹைட்ரோலிக் ஸ்டியரிங்கும் வீதியில் ஓடும் வாகனத்துக்கு வேண்டாம். ஒரு குழாய் வெடித்தால் கையில் இருப்பது வெறும் வளையம்.

எக்ஸலில் அதிகம் செலவழிக்கும் முன் உங்களிடம் இருப்பது எந்த வகை என்று பாருங்கள். டிஃபென்டரில் சில்லின் பாரத்தைத் தாங்குவது ஹப். உள்ளே இருக்கும் தண்டு சுழற்றும் வேலையை மட்டுமே செய்கிறது; முறிந்தாலும் சில்லு அதன் இடத்தில் நிற்கும். ஹைலக்ஸின் பின் எக்ஸலில் தண்டே பாரத்தையும் தாங்குகிறது. அதனால் பெரிய டயர் போட நினைத்தால் அங்கே பலமான தண்டுக்கும் பெயாரிங்குக்கும்தான் முதல் காசு போக வேண்டும். பழைய டிஃபென்டர் தண்டுகளில் 10 பல் வெட்டுகள். 1990களில் வந்தவற்றில் 24. கொழும்பு பஞ்சிகாவத்தையில் பாகம் வாங்கும்போது இதை எண்ணிப் பார்த்து வாங்குங்கள். ஹாஃப் கட்டில் (வெட்டி இறக்குமதியான பாதி வாகனத்தில்) வந்த எக்ஸல் என்றால் பற்றுச்சீட்டு இல்லாமல் எடுக்க வேண்டாம்.

பல்விகிதத்தையும் சொல்லியாக வேண்டும். 29 அங்குல டயருக்குப் பதில் 33 அங்குலம் போட்டால், வேக மீற்றர் 70 கிலோமீற்றர் காட்டும்போது வண்டி உண்மையில் ஏறக்குறைய 80இல் ஓடும். ஊருக்கு வெளியே கார் ஜீப்புகளுக்கு வேக எல்லையே 70தான். எக்ஸலுக்குள் இருக்கும் 4.10 விகிதப் பற்சக்கரத்தை 4.56 ஆக மாற்றினால் இழுவையும் மீற்றரும் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பும். முன்னும் பின்னும் ஒரே விகிதம் இருக்க வேண்டும். பின்னால் மட்டும் மாற்றிவிட்டு நான்கு சில்லு இழுவையைப் போட்டால் கியர்ப்பெட்டி தாங்காது.

வாவியோரமும் வெள்ளத்திலும் ஓடுகிறவர்களுக்கு எல்லாவற்றிலும் மலிவான, எந்த அலுவலகத்திலும் அறிவிக்கத் தேவையில்லாத வேலை ஒன்று உண்டு: எக்ஸலின் மூச்சுக்குழாயை நீட்டி எஞ்ஜின் அறையின் மேல் மட்டத்துக்குக் கொண்டுவருவது. சூடான எக்ஸல் தண்ணீரில் இறங்கியதும் உள்ளே காற்று சுருங்கித் தண்ணீரை உறிஞ்சும். மாரி முடிந்ததும் வடிகால் மூடியைக் கழற்றிப் பாருங்கள். எண்ணெய் பால்தேநீர் நிறத்தில் வெளுத்து வந்தால் தண்ணீர் போய்விட்டது, உடனே மாற்றுங்கள். உப்புத்தண்ணீர் என்றால் ஹப் பெயாரிங்குகளையும் கழற்றிக் கழுவ வேண்டும்.

குமண, லகுகல, கல்லோயா பூங்காக்களுக்குள் என்ன எக்ஸல் பூட்டியிருந்தாலும் அனுமதிக்கப்பட்ட பாதையை விட்டு இறங்க முடியாது. அங்கே 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் நடக்கிறது.

பரிசோதகரிடம் போகும்போது பதிவுச் சான்றிதழ், தேசிய அடையாள அட்டை, காப்புறுதி, பாகங்களின் விலைப்பட்டியல், அளவுகளோடு உற்பத்தியாளர் தரும் தாள், கராஜ் எழுதித் தரும் வேலை விவரம் எல்லாவற்றின் பிரதியையும் கொண்டுபோங்கள். அவர் சொல்லும் பதிலைத் திகதியோடு எழுத்தில் கேட்டு வாங்கி, காப்புறுதிக் கடிதத்தோடு ஒரே கோப்பில் வையுங்கள். நாளை வாகனத்தை விற்கும்போது வாங்குகிறவரும் அதைத்தான் கேட்பார்.