இறங்கித் தொடங்கும் மலை

"எத்தன கிலோமீட்டர் தம்பி?"

தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகருக்குப் பக்கத்திலுள்ள கிரான்ஸ்குளூஃப் இயற்கைக் காப்பகத்துக்கு நடக்கப் போகலாம் என்றதும், டர்பன் புறநகரான சாட்ஸ்வர்த்தில் இருக்கும் பெரியம்மா கேட்டது இது ஒன்றுதான். ஆறு என்றேன். "அவ்வளவுதானே, வர்றேன்" என்றார். போனோம், வந்தோம். மறுநாள் காலை அவரால் வாசற்படி இறங்க முடியவில்லை. ஏற முடிந்தது, இறங்கத்தான் முடியவில்லை. ஏன் அப்படி என்பதைத் தேடப் போய்த்தான், நடைபாதையை எப்படித் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று நான் கற்றுக்கொண்டேன்.

குளூஃப் என்றால் ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் மலையிடுக்கு. கிரான்ஸ் என்றால் செங்குத்தான பாறை. டர்பனிலிருந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க் போகும் வழியில், ஏறத்தாழ 50 கோடி ஆண்டு பழைய மணற்கல் மேட்டை மொல்வேனி ஆறு அறுத்து உண்டாக்கிய பள்ளம் இது. கெட்டியான கல் என்பதால் கரை சரியாமல் சுவர்போல நிற்கிறது. வண்டியை நிறுத்துவது மேட்டின் விளிம்பில். சாதாரண மலையில் தெம்பாக இருக்கும்போது ஏறி, களைத்தபின் இறங்குவோம். இங்கே தெம்பையெல்லாம் இறக்கத்தில் செலவழித்துவிட்டு, வெயில் உச்சிக்கு வரும் நேரத்தில் ஏற வேண்டும்.

தூரம் மட்டும் பார்த்தால் இது தெரியாது. வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892-இல் ஒரு கணக்குச் சொன்னார். இன்றைய அளவில் அது, 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஏறும் ஒவ்வொரு 600 மீட்டர் உயரத்துக்கும் இன்னொரு மணி நேரம். எங்கள் பாதையில் மொத்த ஏற்றம் 300 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஆறு கிலோமீட்டருக்கு 72 நிமிடம், ஏற்றத்துக்கு 30 நிமிடம். நல்ல உடற்கட்டு உள்ளவர் நிற்காமல் நடந்தால் ஆகும் நேரம் இது. குடும்பத்தோடு போனால் நான் இதை இரட்டிப்பாக்கிக்கொள்கிறேன்.

நெய்ஸ்மித் இறக்கத்தைக் கணக்கில் எடுக்கவில்லை. 1993-இல் வால்டோ டோப்ளர் என்ற புவியியலாளர் அதையும் சேர்த்து ஒரு சூத்திரம் தந்தார். அதன்படி சமதரையில் மணிக்கு 5 கிலோமீட்டர். நூறு மீட்டருக்கு 5 மீட்டர் இறங்கும் மெல்லிய சரிவில்தான் மிக வேகம், 6 கிலோமீட்டர். அதே நூறு மீட்டருக்கு 30 மீட்டர் இறங்கினால் வேகம் இரண்டரைக்கு விழுந்துவிடும். அந்தச் சரிவில் ஏறினால் ஒன்றே முக்கால். செங்குத்து இறக்கம் ஏற்றத்தைவிடக் கொஞ்சம்தான் வேகம்.

வரைபடத்தில் ஒரே உயரமுள்ள இடங்களை இணைத்துப் பழுப்புக் கோடுகள் போட்டிருப்பார்கள். கோடுகள் நெருங்கியிருந்தால் செங்குத்து, விலகியிருந்தால் சாய்வு. பாதை எத்தனை கோடுகளை மேல்நோக்கி வெட்டுகிறது என்று எண்ணி, இரு கோடுகளுக்கு இடையே உள்ள உயரத்தால் பெருக்கினால் மொத்த ஏற்றம் கிடைத்துவிடும். கிலோமீட்டரைக் கேட்பதற்கு முன் இதை எண்ணுங்கள்.

அந்த 300 மீட்டர் ஏறுவதற்கு உடம்பு என்ன கொடுக்கிறது? 70 கிலோ எடையைத் தூக்க சுமார் 50 கிலோ கலோரி வேலை. தசை தான் எரிப்பதில் ஏறத்தாழ கால் பங்கைத்தான் வேலையாக மாற்றும். ஆகவே எரிவது 200, அதில் 150 வெறும் சூடு. அந்தச் சூட்டை வெளியேற்ற ஏறக்குறைய கால் லிட்டர் வியர்வை ஆவியாக வேண்டும். ஆவியாக வேண்டும் என்பதுதான் முக்கியம். டர்பனில் கோடைக்காலமான ஜனவரியில் காற்றே நீராய்த் தொங்கும்போது வியர்வை ஆவியாகாமல் சொட்டிப்போகிறது. சொட்டும் வியர்வை சூட்டைக் கொண்டுபோவதில்லை, உடம்பு நீரைத்தான் இழக்கிறது. காற்று புகாத பள்ளத்தில் இது இன்னும் மோசம்.

அதனால் நிழல் எங்கே என்று பார்க்க வேண்டும். வடக்கு அரைக்கோளத்துக்கு எழுதிய குறிப்புகள் தெற்குச் சரிவில் வெயில் என்று சொல்லும். நமக்கு அது தலைகீழ். டர்பன் மகர ரேகைக்கும் தெற்கே இருப்பதால் நண்பகல் சூரியன் ஆண்டு முழுவதும் வடக்கே சாய்ந்தே நிற்கும். வடக்கு பார்த்த சரிவு காயும், தெற்கு பார்த்த சரிவில் ஈரம் தங்கும். டர்பன் இருக்கும் குவாசூலு-நட்டால் மாகாணத்தின் மலைக்காடுகள் பல தெற்குச் சரிவுகளில் ஒட்டியிருப்பதற்கு இது ஒரு காரணம். திரும்பி ஏறும் பகுதி தெற்கு பார்த்த சரிவில் இருக்கும்படி பாதையைத் தேர்ந்தெடுத்தால் ஏற்றம் பாதி சுலபமாகிவிடும் என்பது என் அனுபவம்.

இனி பெரியம்மாவின் கால். ஏறும்போது தொடையின் முன்தசை சுருங்கி உடம்பைத் தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை இழுபட்டு நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்க வேண்டும், கிணற்று வாளியைக் கயிறு நழுவாமல் கொஞ்சம் கொஞ்சமாக விடுவதுபோல. மூச்சு வாங்காது, அதனால் ஒன்றும் ஆகவில்லை என்று தோன்றும். ஆனால் அந்த இழுப்பில் தசை நார்களுக்குள் நுண்ணிய சேதம் ஏற்பட்டு, ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் வலி உச்சத்துக்கு வருகிறது. வாசற்படி இறங்குவதும் அதே வேலைதான். அதனால்தான் அங்கே வலித்தது.

இதற்கு ஒரு நல்ல பக்கமும் உண்டு. ஒருமுறை லேசாக இறங்கிப் பழகிய தசை, அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலையில் மிகக் குறைவாகவே சேதப்படும். அதனால் இந்த முறை இரண்டு வாரம் முன்பே பெரியம்மாவை வீட்டுக்குப் பக்கத்திலுள்ள சில்வர்கிளென் காப்பகத்துக்கு அழைத்துப் போனேன். சின்னச் சரிவு, அரை மணி நேரம், ஏறி இறங்கினோம். அங்கே மாநகராட்சியின் மூலிகை நாற்றங்கால் இருக்கிறது. அதைப் பார்க்க வேண்டும் என்றே இன்னொரு முறையும் இறங்கினார். சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு கிரான்ஸ்குளூஃப் போகிறோம். இந்தத் தடவை வரைபடத்தில் கோடுகளை எண்ணியது அவர்தான்.