நாற்றம் நின்றுபோனால் நம்பாதீர்கள்

குளச்சலிலிருந்து ஒரு விசைப்படகுத் தொழிலாளி கேட்டிருக்கிறார்: "மீன் வைக்கும் அறையைக் கழுவ இறங்கினால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கிறது. கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடுகிறது. நாற்றம் போனால் வாயுவும் போய்விட்டது என்றுதானே அர்த்தம்?"

இல்லை. நாற்றம் திடீரென்று நின்றால் உடனே மேலே ஏறிவிட வேண்டும்.

அது ஹைட்ரஜன் சல்பைடு. உருகிய ஐஸ் தண்ணீரும் மீன் ரத்தமும் அறையின் அடியில் தேங்கி, மூடியும் போட்டிருந்தால், உள்ளே ஆக்சிஜன் குறைகிறது. அப்போது பாக்டீரியாக்கள் மீன் புரதத்தில் உள்ள கந்தகத்தை இந்த வாயுவாக மாற்றிவிடுகின்றன. காயலோரம் கதம்பை (தேங்காய் மட்டை) ஊறப்போட்ட இடத்தில் வீசுவதும் இதேதான். வெள்ளிக் கொலுசைக் கறுக்க வைப்பதும் இது. ஆனால் காயலோரம் திறந்தவெளி. காற்றைவிடக் கனம் என்பதால் படகின் அறையிலும் செப்டிக் டேங்கிலும் அடியிலேயே தங்கிவிடும்.

இனி மூக்குக்கு வருவோம். காற்றில் 10 கோடியில் ஒரு பங்கு இருந்தாலே பலருக்கு இந்த நாற்றம் தெரிந்துவிடும். 8 மணி நேர வேலைக்குத் 1948 தொழிற்சாலைச் சட்டம் வைத்திருந்த வரம்பு 10 லட்சத்தில் 10 பங்கு. அதுவே 100 பங்கைத் தொட்டால், சில நிமிடங்களில் மோப்ப நரம்பு மரத்துவிடுகிறது. வாயு அங்கேயேதான் இருக்கிறது, ஏறிக்கொண்டுகூட இருக்கலாம். மூக்குதான் சொல்வதை நிறுத்திவிட்டது.

செல்லுக்குள் நடப்பது இதைவிட நுட்பமானது. நாம் இழுக்கும் ஆக்சிஜன் கடைசியாகப் போய்ச் சேரும் இடம், மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள சைட்டோகுரோம் ஆக்சிடேஸ் என்ற நொதி. உணவிலிருந்து வந்த எலக்ட்ரான்களை அது ஆக்சிஜனிடம் ஒப்படைக்கிறது. அப்படித்தான் உடலுக்குச் சக்தி கிடைக்கிறது. அந்தக் கைமாற்றம் நடக்கும் இரும்பு அணுவில் ஹைட்ரஜன் சல்பைடு போய் ஒட்டிக்கொள்கிறது. சயனைடு பிடிப்பதும் இதே நொதியைத்தான். ரத்தத்தில் ஆக்சிஜன் இருக்கும், செல்லால் எடுத்துக்கொள்ள முடியாது. பந்தி நிறையச் சோறிருந்தும் வாயைக் கட்டிப்போட்ட மாதிரி. இதில் எனக்குத் தீராத வியப்பு ஒன்று உண்டு: நம் உடலே இந்த வாயுவை மிகச் சிறிய அளவில் தயாரித்து, செல்களுக்கிடையே செய்தி அனுப்பப் பயன்படுத்துகிறது. மிச்சத்தைத் தானே சிதைத்தும் விடுகிறது. சிதைக்கும் வேகத்தைத் தாண்டி உள்ளே வந்தால்தான் விஷம். காற்றில் 10 லட்சத்தில் 1000 பங்கு இருந்தால் ஓரிரு மூச்சிலேயே ஆள் சரிந்துவிடலாம்.

விளக்கை இறக்கிப் பார்க்கும் பழக்கம் இங்கே உதவாது. 1000 பங்கு என்பது காற்றில் 0.1 சதவீதம்தான், சுடர் அணையாமல் எரியும். அளவு கூடினால் இந்த வாயுவே தீப்பிடிக்கும். நனைத்த துவர்த்தை (துண்டை) மூக்கில் கட்டுவதாலும் பயனில்லை.

விழுந்தவரைத் தூக்க இறங்கியவரும் விழும்போது "காத்து கறுப்பு அடிச்சிட்டு" என்கிறார்கள். அதைக் கேட்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது. பேய் என்று சொல்லிவிட்டால் அடுத்த முறை யாரும் அளந்து பார்க்கப் போவதில்லை. படகு டீசலுக்குச் சலுகை தருகிற அரசு, கையடக்க வாயு அளவிக்கும் தர வேண்டும்.

மூடியைத் திறந்து, காற்றடிக்கும் மின்விசிறியின் குழாயை அடிவரை இறக்கி ஓடவிடுங்கள். அளவியைக் கயிற்றில் கட்டி அடியில் அளந்த பிறகே, இடுப்பில் கயிறு கட்டி ஒருவர் இறங்கலாம். மேலே ஆள் நிற்க வேண்டும். உள்ளே யாராவது விழுந்தால் குதிக்காதீர்கள், கயிற்றால் இழுங்கள், 112-ஐ அழையுங்கள். வேலை முடியும்வரை விசிறி ஓடட்டும். ஏனென்றால் அடியிலுள்ள கறுப்புச் சகதியை மிதித்துக் கலக்கும்போதுதான் அதில் அடைபட்ட வாயு மொத்தமாக வெளியே வரும்.