‘தார்மீக உரிமை’ அல்ல, படைப்பாளர் சிறப்புரிமை

கோடை சீசனுக்கென்று அரசுப் பணத்தில் ஊட்டி, குன்னூர் தடுப்புச் சுவர்களில் வரையாட்டையும் குறும்பர் பழங்குடி ஓவியத்தையும் வரைய வைப்பதும், பிறகு அதன்மேல் வெள்ளையடிப்பதும் ஒரே அரசாக இருக்கலாம். வெள்ளையடித்தால் தட்டியில் எழுதி வைப்போம்: ‘ஓவியரின் தார்மீக உரிமையைப் பறிக்காதே!’ கோபம் நியாயம்தான், சொல்தான் தப்பு.

தன் படைப்பைச் சிதைத்தால் தட்டிக் கேட்கப் படைப்பாளருக்கு உள்ள உரிமையை ஆங்கிலத்தில் ‘மாரல் ரைட்ஸ்’ என்பார்கள். அதை அப்படியே பெயர்த்ததுதான் ‘தார்மீக உரிமை’. மூலம் பிரெஞ்சு, அங்கே ‘மொரால்’ என்பது ஒழுக்கத்தைச் சொல்லவில்லை, காசு சாராத, ஆளின் பெயரையும் மதிப்பையும் சார்ந்த உரிமையைச் சொல்கிறது. 1928-இல் பதிப்புரிமைக்கான பன்னாட்டு பெர்ன் உடன்படிக்கையில் ஏறியது. வரலாறு இவ்வளவு போதும்.

தமிழில் ‘தார்மீக உரிமை’க்கு ஏற்கெனவே வேறு வேலை இருக்கிறது. ‘பதவியில் நீடிக்க அமைச்சருக்குத் தார்மீக உரிமை இல்லை’ என்று அறிக்கை விடுவார்கள். அமைச்சர் பாட்டுக்கு நீடிப்பார். மனசாட்சிக்கு விட்டது, சட்டம் கேட்காது என்றுதான் அதற்கு அர்த்தம். மனுவில் அதைப் பார்க்கும் அதிகாரியும் அப்படித்தான் படிப்பார். தனித்தமிழ் அன்பர்கள் ‘அறவுரிமை’ என்கிறார்கள். வடமொழி போயிற்று, பிழை போகவில்லையே! ‘தனியுரிமை’ என்று இன்னொரு கட்சி. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்ற 2017 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு அந்தச் சொல் அந்தரங்கத்துக்குப் போய்விட்டது. நம் மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியைப் புரட்டுகிறார்கள், சட்டத்தைப் புரட்டுவதில்லை.

1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 57-ஆம் பிரிவில் ‘மாரல்’ என்ற சொல்லே கிடையாது. தலைப்பே ‘ஆதர்ஸ் ஸ்பெஷல் ரைட்ஸ்’, அதாவது படைப்பாளர் சிறப்புரிமை. பதிப்புரிமையை எழுதிக் கொடுத்த பிறகும் இது படைப்பாளரிடமே இருக்கும். தில்லியில் அரசு மாநாட்டு மண்டபமான விஞ்ஞான் பவனில் சிற்பி அமர்நாத் சேகல் செய்த வெண்கலச் சுவர்ச்சிற்பத்தை 1979-இல் அரசு பெயர்த்துக் கிடங்கில் போட்டது. 2005-இல் தில்லி உயர் நீதிமன்றம் சிதைந்த சிற்பத்தின் மிச்சத்தை அவரிடம் திருப்பித் தரச் சொல்லி, 5 லட்சம் ரூபாய் இழப்பீடும் விதித்தது. காசு கொடுத்து வாங்கிய எங்கள் சொத்து என்ற அரசின் வாதம் எடுபடவில்லை.

எல்லைகளும் உண்டு. காட்சிக்கு வைக்காமல் விடுவது மட்டும் மீறல் ஆகாது என்று அதே பிரிவின் விளக்கம் சொல்கிறது. சிதைத்ததும் அதனால் படைப்பாளரின் மதிப்புக் குறைந்ததும் தெரிய வேண்டும். கட்டடத்தையே இடித்தால் கதை வேறு: தில்லியின் ஹால் ஆஃப் நேஷன்ஸ் கண்காட்சிக் கூடம் 2017-இல் இடிக்கப்பட்டதை எதிர்த்து அதை வடிவமைத்த ராஜ் ரேவால் தொடுத்த வழக்கு 2019-இல் தோற்றது. சாலையை அகலப்படுத்தத் தடுப்புச் சுவரையே பெயர்க்கும் நம் மலையில் இதை மறக்கக் கூடாது.

திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்குப் போகும் மனுவில் ‘57-ஆம் பிரிவின்படி படைப்பாளர் சிறப்புரிமை’ என்றே எழுதுங்கள். கையெழுத்து ஓவியருடையதாக இருக்கட்டும், அவர் இல்லையென்றால் வாரிசுடையது. ஊரே கையெழுத்திட்டாலும் இந்த உரிமை ஊருக்கு வராது. பணி ஆணையின் நகலோடு, வரைந்து முடித்தபோதும் அழித்த பிறகும் எடுத்த படங்களைச் சேருங்கள். ஜூன் மழையில் சுவருக்குப் பின்னால் நீர் கசிந்து பெயிண்ட் தானாகவே உப்பி உரியும். ‘அது முன்பே உரிந்ததுதான்’ என்று பதில் வரும். எனவே மே கடைசியில், தேதி தெரியும்படி இன்னொரு படமும் எடுத்து வையுங்கள்.