கோணலாக இருந்தாலும் பிள்ளையே வெட்டட்டும்

தரம் 1 அனுமதி நெருங்க நெருங்க, கொழும்பில் பெற்றோர் என்னிடம் கொண்டுவரும் கவலை அநேகமாக ஒன்றுதான். "எழுதச் சொன்னா கை நோகுது எண்டு அழுறான்", "பென்சிலைப் பிடிக்கிற விதமே சரியில்லை". அரச பாடசாலையில் சேர்வதற்கு அந்த வருடம் ஜனவரி 31 இல் பிள்ளைக்கு 5 வயது பூர்த்தியாகியிருக்க வேண்டும். அதற்குள் எழுத்தெல்லாம் பழக்கிவிட வேண்டும் என்று 3 வயதிலேயே கொப்பியும் பென்சிலும் கையில் வந்துவிடுகின்றன. நான் சிறுவர்களுடன் வேலை செய்யும் தொழில்வழிச் சிகிச்சையாளர், அதாவது எழுதுவது, உடுப்பது போன்ற அன்றாட வேலைகளைச் செய்ய உதவுகிறவர். இப்படி வருகிறவர்களில் பலருக்கு நான் முதலில் சொல்வது: கொப்பியைக் கொஞ்ச நாளைக்கு மூடி வையுங்கள். பிள்ளை கடதாசி கிழிக்கட்டும், மா பிசையட்டும், ஒட்டட்டும், கோக்கட்டும்.

சிலருக்கு இது ஏமாற்றமாக இருக்கும். சிகிச்சை கேட்டு வந்தால் விளையாட்டைச் சொல்கிறாரே என்று முகம் சுருங்கும். அதனால் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

மணிக்கட்டில் 8 சிறிய எலும்புகள் இருக்கின்றன. பிறக்கும்போது அவை எல்லாமே குருத்தெலும்புதான். ஒவ்வொன்றாக எலும்பாக மாறி, 6, 7 வயதளவில் அவற்றில் 7 எலும்புகள் எக்ஸ்ரேயில் தெரியும். கடைசி எலும்பு அதற்கும் பிறகுதான் வரும். கைத்தசைகளும் அப்படியே. ஒன்றரை வயதில் பிள்ளை பேஸ்டலை முழுக் கையாலும் பொத்திப் பிடிக்கும். மூன்று விரலால் பிடித்து, விரல்களை மட்டும் அசைத்து எழுதுவது நாலரை வயதிலிருந்து ஆறு வயதுக்குள் வருகிற திறமை. வட்டம் வரைய 3 வயது, கூட்டல் குறி போட 4, முக்கோணம் வரைய 5 என்பது பொதுவான கணக்கு. இப்போது 'அ' எழுத்தைப் பாருங்கள். ஒரு சுழி, ஒரு வளைவு, ஒரு குறுக்குக் கோடு, கடைசியில் ஒரு நேர்கோடு. கூட்டல் குறியே போட வராத கையிடம் அதை நூறு தடவை எழுதச் சொன்னால் கை நோகத்தான் செய்யும்.

கைவேலை இதே தசைகளைப் பிள்ளை விரும்பும் வழியில் வேலை வாங்குகிறது. அதற்காகப் புறக்கோட்டைக்குப் போய்ப் பெட்டி பெட்டியாகச் சாமான் வாங்க வேண்டியதில்லை. பழைய பத்திரிகை, கோதுமை மா, உடுப்புக் கிளிப், சப்பாத்து நூல் போதும். வெள்ளவத்தையில் இரண்டு அறை வீட்டில் இருப்பவர்கள் "இடம் எங்கே?" என்று கேட்கிறார்கள். ஒரு பழைய படுக்கை விரிப்பை நிலத்தில் விரித்து, முடிந்ததும் நாலு மூலையையும் சேர்த்துத் தூக்கினால் குப்பை எல்லாம் அதற்குள்ளேயே வந்துவிடும்.

கிழிப்பதிலிருந்து தொடங்குங்கள். இரண்டு பெருவிரல்களும் பக்கத்தில் பக்கத்தில் வர வேண்டும். பிறகு ஒரு கை முன்னுக்கும் மற்றது பின்னுக்கும் போக வேண்டும். முதலில் பிள்ளை இரண்டு கையாலும் பக்கவாட்டில் இழுக்கும், தாள் கிழியாது. அப்போது நீங்கள் மேல் விளிம்பில் ஒரு சின்னக் கிழிசல் போட்டுக் கொடுத்தால் மீதியை அது செய்துவிடும். பத்திரிகைத் தாள் பெரும்பாலும் மேலிருந்து கீழாக நேராகக் கிழியும், குறுக்கே கிழித்தால் கோணிக்கொண்டு போகும். அதனால் முதலில் மேலிருந்து கீழ். கிழித்த துண்டுகளைச் சுருட்டி உருண்டையாக்குவது அடுத்த வேலை. உள்ளங்கையில் வைத்து உருட்டாமல் விரல் நுனியால் உருட்டச் சொல்லுங்கள். அந்த உருண்டைகளை ஒட்டி மீன், பூ, முச்சக்கர வண்டி என்று எதையும் செய்யலாம்.

கத்தரிக்கோலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பயத்தில் அதைக் கடைசிவரை கொடுக்காத வீடுகள்தான் அதிகம். முனை மழுங்கிய சிறுவர் கத்தரிக்கோலை இரண்டரை, மூன்று வயதில் பக்கத்தில் இருந்துகொண்டு கொடுக்கலாம். அலகு மட்டும் வெட்டக்கூடியதாக இருக்கட்டும், மொட்டைக் கத்தரிக்கோல் பிள்ளைக்கு எரிச்சலைத்தான் தரும். மெல்லிய தாள் வளைந்து அலகுக்குள் சிக்கிக்கொள்ளும். பிறிஸ்டல் போர்ட் விறைப்பாக நிற்பதால் பழகுவதற்கு நல்லது. அதை ஒரு விரலகலப் பட்டிகளாக நீங்கள் வெட்டிக் கொடுங்கள். ஒரே தடவை மூடினால் துண்டு விழ வேண்டும். அந்தத் துண்டு விழுவதுதான் பிள்ளைக்குச் சந்தோஷம். அப்புறம் நேர்கோடு, அது மூன்றரை, நாலு வயதில் வரும். வட்டம் அதற்குப் பிறகு, சதுரம் இன்னும் பிறகு. பெருவிரல் எப்போதும் மேலே பார்த்திருக்க வேண்டும். வட்டம் வெட்டும்போது சுற்ற வேண்டியது தாளைப் பிடித்த கை, கத்தரிக்கோல் பிடித்த கை அல்ல. இதைச் சொல்லிக் கொடுக்காததால்தான் பல பிள்ளைகள் முழங்கையைத் தூக்கிக்கொண்டு உடம்பையே திருப்புகிறார்கள்.

இடது கைப் பிள்ளையை வலது கைக்கு மாற்றாதீர்கள். சாப்பாட்டுக்கு வலது கை என்று வீட்டில் பழக்குவதை நான் இங்கே பேசவில்லை. பென்சிலும் கத்தரிக்கோலும் பிள்ளைக்கு எந்தக் கை முந்துகிறதோ அந்தக் கையில் இருக்கட்டும். சாதாரணக் கத்தரிக்கோலை இடது கையில் பிடித்தால் மேல் அலகு கோட்டை மறைத்துவிடும், தாளும் வெட்டுப்படாமல் மடியும். இடது கைக்கென்று செய்த கத்தரிக்கோல் இருக்கிறது, தேடி வாங்கிக் கொடுங்கள். அம்மம்மாவோ அப்பம்மாவோ மனத்தாங்கல் பட்டால் இதைப் பொறுமையாக விளக்குங்கள். விளங்கினால் அவர்களே பிள்ளையின் பக்கம் நின்றுவிடுவார்கள்.

மா விளையாட்டுக்கு இரண்டு கப் கோதுமை மா, ஒரு கப் உப்புத் தூள், ஒரு மேசைக்கரண்டி எண்ணெய், கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர். மஞ்சளும் பீட்ரூட் சாறும் நல்ல நிறம் தரும். கொழும்பின் ஈரக்காற்றுக்கு வெளியில் வைத்தால் அடுத்த நாளே ஒழுகும், மூடி போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். வாயில் போடும் வயதுப் பிள்ளைக்கு இந்த உப்பு மா வேண்டாம், உப்பு அதிகமாக உள்ளே போவது சின்ன உடம்புக்கு ஆபத்து. அவர்களுக்கு உப்பில்லாத ரொட்டி மா உருண்டை போதும். அதையும் விழுங்க விடாமல் பக்கத்தில் இருந்து, அன்றே எறிந்துவிடுங்கள். பெரிய பிள்ளைகளுக்கு அந்த மாவை இடியப்ப உரலில் போட்டுப் பிழியக் கொடுங்கள். தோள், முழங்கை, உள்ளங்கை எல்லாம் சேர்ந்து வேலை செய்யும், கடையில் விற்கிற எந்தப் பயிற்சிச் சாமானும் அதற்கு ஈடாகாது. கொழுக்கட்டை அவிக்கும் நாளில் விளிம்பு கிள்ளும் வேலையையும் கொடுங்கள். பொங்கலுக்கு வாசலில் கோலம் போடும்போது ஒரு மூலை பிள்ளைக்கு. மாவைப் பெருவிரலுக்கும் இரண்டு விரலுக்கும் இடையில் எடுத்துச் சிறிது சிறிதாக விடுகிற அந்தப் பிடியும் பென்சில் பிடிக்கிற பிடியும் ஒன்றேதான்.

இன்னும் இரண்டு சின்ன விஷயம். தாளைச் சுவரிலோ குளிர்சாதனப் பெட்டிக் கதவிலோ ஒட்டி, நின்றுகொண்டு வரைய விடுங்கள், மணிக்கட்டு தானாகவே சரியான நிலைக்கு வரும். உடைந்த பேஸ்டல் துண்டுகளை எறியாதீர்கள். ஓர் அங்குலத் துண்டை முழுக் கையால் பொத்திப் பிடிக்க முடியாது, விரல் நுனியால்தான் பிடிக்க வேண்டும்.

இனி என் மனதை மிகவும் வருத்துகிற விஷயத்துக்கு வருகிறேன். முன்பள்ளியில் கைவேலை ஒன்று கொடுத்துவிடுவார்கள். இரவு பிள்ளை நித்திரையான பிறகு அம்மாவும் அப்பாவும் இருந்து வெட்டி ஒட்டி, மினுக்கம் தூவி, வடிவாகச் செய்து அனுப்புவார்கள். அடுத்த நாள் பாராட்டும் கிடைக்கும். பிள்ளைக்கு அதில் கிடைத்தது என்ன? தான் ஒட்டியது போதாது, பெரியவர் செய்தால்தான் சரி என்ற பாடம். இப்படி வளர்ந்த பிள்ளைகளை நான் பார்க்கிறேன். தாளைக் கொடுத்தால் கையை மடியில் வைத்துக்கொண்டு, "நீங்க செய்து தாங்கோ" என்கிறார்கள். கையில் பலம் குறைவில்லை, துணிவுதான் இல்லை. அதைத் திருப்பிக் கொண்டுவர மாதக்கணக்கில் ஆகிறது. தயவுசெய்து கண் இரண்டும் ஒரே பக்கம் ஒட்டியிருந்தாலும் அப்படியே அனுப்புங்கள். முன்பள்ளி ஆசிரியர்களிடமும் கேட்கிறேன்: எல்லாம் ஒரே அச்சாக இருந்தால் அது யாருடைய கை என்று உங்களுக்குத் தெரியும். கோணலானதையும் சுவரில் தொங்கவிடுங்கள்.

உதவவே கூடாது என்பதல்ல. கடினமான பங்கு உங்களுடையது, முடிக்கிற பங்கு பிள்ளையுடையது. வெசாக் கூட்டுக்கு மூங்கில் ஈர்க்கு சீவுவதும் கட்டுவதும் பெரியவர் வேலை, ஈர்க்கு கையைக் கிழிக்கும். டிசுத் தாள் ஒட்டுவதும் வால் வெட்டுவதும் பிள்ளையின் வேலை. கொட்டாஞ்சேனைப் பக்கம் நத்தாருக்குப் பாலன் குடில் கட்டுகிற வீடுகளில் வைக்கோல் பரப்புவது, மாவில் ஆடு செய்வது எல்லாம் பிள்ளைகளிடம் விடலாம்.

பிள்ளைக்காக நீங்கள் விளையாட்டுப் பொருள் செய்கிறீர்கள் என்றால் கவனம் வேறு. 3 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குக் கழிப்பறைத் தாள் சுருளின் நடு அட்டைக் குழாய்க்குள் நுழையக்கூடிய எந்தப் பொருளும் தொண்டையை அடைக்கக்கூடியது என்று எடுத்துக்கொள்ளுங்கள். துணிப் பொம்மைக்குத் தெறி தைத்துக் கண் வைக்காமல் நூலால் தைத்துவிடுங்கள். இழுக்கிற நூல் ஒரு சாணுக்கு மேல் வேண்டாம், கழுத்தைச் சுற்றும். ரெஜிபோம் மணிகள், பயறு, கடலை மூக்குக்குள் போகிற சாமான்கள். பயறும் கடலையும் ஈரத்தில் ஊதி இறுகிவிடும். ஊசி, காதுக்குச்சி கொண்டு தோண்டினால் இன்னும் உள்ளே போகும், வைத்தியரிடமே போங்கள். ஒரு பக்க மூக்கில் மட்டும் நாற்றத்தோடு சளி வந்தால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். தண்ணீரில் ஊறிப் பெருக்கும் நிறமணிகளைச் சின்னப் பிள்ளை உள்ள வீட்டுக்குள் எடுக்கவே வேண்டாம், விழுங்கினால் குடலில் பெருத்து அடைக்கும்.

குன்றிமணியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சிவப்பும் கறுப்புமாக வடிவாக இருக்கும், சிங்களப் புத்தாண்டு விளையாட்டான ஒலிந்த கெளியவிலும் பயன்படுகிறது, பழைய மாலைகளிலும் கோத்திருப்பார்கள். அதற்குள் இருப்பது அப்ரின் என்ற கடும் நஞ்சு. மேல்தோடு முழுதாக இருக்கும்வரை ஓரளவு காக்கும், கடித்தாலோ துளைபோட்டுக் கோத்திருந்தாலோ அந்தக் காப்பு இல்லை. மஞ்சள் அலரி விதையும் அப்படியே இதயத்தைத் தாக்கும். பூவும் விதையும் பொறுக்கி ஒட்டுகிற வேலைக்கு இவை இரண்டும் வேண்டாம்.

அதைவிடவும் அவசரமானது பொத்தான் மின்கலம். சின்ன மின் அகல்விளக்கு, பாட்டு வாழ்த்து அட்டை, வெசாக் கூட்டுக்குள் வைக்கும் குட்டி விளக்கு, எல்லாவற்றிலும் இருக்கிறது. விழுங்கினால் உணவுக்குழாயில் சிக்கி 2 மணித்தியாலத்துக்குள்ளேயே கடுமையாக எரித்துவிடும். பிள்ளை அழாமல் விளையாடிக்கொண்டிருக்கிறதே என்று பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். ஒரு வயதுக்கு மேற்பட்ட பிள்ளை என்றால், கையில் தேன் இருந்தால், 10 நிமிடத்துக்கு ஒரு தடவை இரண்டு தேக்கரண்டி கொடுத்துக்கொண்டே போகலாம், 6 தடவைக்கு மேல் வேண்டாம். தேன் தேடுவதற்காகப் பயணம் பிந்தக் கூடாது. பொரளை சீமாட்டி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கோ, பக்கத்தில் எக்ஸ்ரே எடுக்கக்கூடிய வைத்தியசாலைக்கோ உடனே போங்கள். வண்டி இல்லையென்றால் 1990 என்ற இலக்கத்தில் சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். மின்கல மூடியைத் திருகாணி போட்டு இறுக்கியிருக்காத எந்த விளக்கையும் சாமானையும் கைவேலைப் பெட்டியில் சேர்க்காதீர்கள்.

கைவேலைக்கென்று சேர்க்கிற சிரட்டை, யோகட் கோப்பை, தயிர்ச் சட்டியைப் பெல்கனியில் திறந்து வைக்கவும் வேண்டாம். ஒரு மழைக்குத் தண்ணீர் நின்றால் டெங்கு நுளம்பு வந்துவிடும்.

எல்லாம் செய்தும் சரிவராத பிள்ளைகளும் உண்டு. ஒரு வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் பாவித்து மற்றதை மடக்கி வைத்திருந்தால் பிள்ளை கெட்டிக்காரன் என்று மகிழாமல் வைத்தியரிடம் காட்டுங்கள், அந்த வயதில் இரண்டு கையும் சமமாக வேலை செய்ய வேண்டும். பசை, மா, மணல் கையில் பட்டாலே அலறுகிற பிள்ளை, 5 வயதிலும் நேர்கோட்டில் வெட்ட வராத பிள்ளை, செய்யத் தெரிந்த வேலை திடீரென்று வராமல் போன பிள்ளை, இவர்களையும் பார்க்க வேண்டும். குடும்ப வைத்தியரிடமோ குடும்பநல உத்தியோகத்தரிடமோ சொன்னால் வழிகாட்டுவார்கள். வரும்போது பிள்ளை தானே வெட்டியதும் ஒட்டியதும் வரைந்ததுமாக இரண்டு மூன்றை எடுத்து வாருங்கள். நீங்கள் தொட்டுத் திருத்தாததாகப் பார்த்து எடுங்கள்.