ஐயாயிரம் அடி உயரக் கோட்டினைப் பழைய நிலப்படங்களில் தேடுதல்

இலங்கையின் மத்திய மலைநாட்டில் கோப்பிக்காகக் காடு மளமளவென்று வெட்டப்பட்டுக்கொண்டிருந்த 1873ஆம் ஆண்டில், கியூ தாவரவியற் பூங்காவின் பணிப்பாளர் ஜோசப் ஹூக்கர் கூறிய ஆலோசனையை ஏற்று, 5,000 அடிக்கு மேலுள்ள அரச காடுகளை அழிப்பதற்குப் பிரித்தானிய நிர்வாகம் தடை விதித்தது. அந்தத் தடை எந்தச் சரிவில் நின்றது, எந்தச் சரிவில் வழுக்கியது என்பதை அறிய, உத்தரவுக் கடிதங்களைவிட நிலப்படங்களே நம்பகமான சாட்சி.

இதற்கு முதலில் எடுக்கப்படுவது, நில அளவைத் திணைக்களம் 1897இல் தொடங்கிய இடவிளக்க அளவையின் பயனாக வெளிவந்த, ஒரு மைலை ஓர் அங்குலமாகக் காட்டும் படத்தாள்கள். தாளை வருடிக் கணினியில் ஏற்றி, மலையுச்சிகளிலுள்ள முக்கோண அளவை நிலையங்கள், பழைய பாலங்கள், தெருச் சந்திகள் போன்ற இடம்மாறாப் புள்ளிகளை இன்றைய ஆள்கூறுகளோடு பொருத்துவார்கள். தேசிய நிலப்பட எறியத்தின் (வளைந்த நிலப்பரப்பைத் தட்டைத் தாளில் வரையும் முறையின்) தொடக்கப் புள்ளியே பீதுருதலாகல மலை என்பதால், நுவரெலியாவைச் சுற்றிய தாள்களை ஆராய்பவர் அளவையின் மூலத்தருகிலேயே நிற்கிறார் எனலாம். பொருத்திய தாளின் மீது இன்றைய செய்மதிப் படத்தை விரித்தால், காட்டின் விளிம்பு எங்கே நகர்ந்திருக்கிறது என்பது தெரியும். ஆயினும் அந்தத் தாளில் ஒரு மில்லிமீற்றர் நிலத்தில் 63 மீற்றர். அரை மில்லிமீற்றர் தடித்த மைக்கோடே 30 மீற்றரை விழுங்கிவிடும். ஆகவே ஐம்பது மீற்றர் வித்தியாசத்தைக் கண்டு காடழிப்பு என்று முழங்குவது அவசரம்.

5,000 அடி என்பது 1,524 மீற்றர். அந்தச் சமவுயரக் கோட்டுக்கு மேலே தேயிலை தென்பட்டால் அது விதிமீறல்தான் என்றும் சொல்லிவிட முடியாது. தடைக்கு முன்னரே விற்கப்பட்ட காணியாக அது இருக்கலாம். அதற்குரிய உரிமைப் படத்திலுள்ள, அதாவது காணியின் உரித்தைக் காட்டும் அளவைப் படத்திலுள்ள, திகதிதான் வழக்கைத் தீர்க்கும். ஹோட்டன் சமவெளியிலும் பட்டிப்பொலைப் பக்கமும் காணப்படும், பத்தனை எனப்படும் இயற்கைப் புல்வெளிகளை, வெட்டி வெறுமையாக்கிய நிலமென்று எடுத்துக்கொள்வதும் பிழை. இதற்கு நேரெதிரான பொறியும் உண்டு: பிற்காலத்தில் பத்தனைகளில் நடப்பட்ட பைன், யூகலிப்டசு மரங்கள் புதிய படங்களில் காடாகத் தோன்றுவதால், கணக்கில் காடு வளர்ந்தது போலிருக்கும்.

மண் பாதுகாப்பு வேலைகளுக்கு இந்த அளவுத்திட்டம் போதாது. சரிவின் குறுக்கே வெட்டிய நீர்க்கான், கல் அடுக்கு, மானாப்புல் வரிசை எதுவும் அங்குலத் தாளில் இடம்பெறாது. அங்கே கைகொடுப்பவை, நான்கு சங்கிலியை (ஒரு சங்கிலி 66 அடி) ஓர் அங்குலமாக வரைந்த தோட்டப் படங்கள். அவற்றில் ஒரு மில்லிமீற்றர் ஏறக்குறைய மூன்று மீற்றர்தான். ஒவ்வொரு மலையின், அதாவது தோட்டத்தின் ஒவ்வொரு தேயிலைப் பகுதியின், இலக்கமும் ஏக்கரும் அவற்றில் இருக்கும். நட்ட ஆண்டும் குறித்திருந்தால் ஆய்வாளருக்குப் பெரும் வாய்ப்பு. ஏனெனில் பழைய விதைத் தேயிலை பெரும்பாலும் மேலிருந்து கீழாக நிரை பிடித்து நடப்பட்டது. சுரண்டியால் புல் செதுக்கிய அந்தச் சரிவுகளில் மழைநீர் நிரையோடு நிரையாக மண்ணை இழுத்துச் சென்றது. 1951ஆம் ஆண்டின் மண் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின்னர் மறுநடுகை செய்த மலைகளிலோ, கிளைத்துண்டுகளிலிருந்து வளர்த்த கன்றுகள் பெரிதும் சமவுயரத்தைத் தழுவி நடப்பட்டன.

நட்ட ஆண்டு தெரிந்த விதைத் தேயிலை மலைக்கு நேரில் சென்று, நடும்போது மண் மட்டத்தில் இருந்த வேர்க்கழுத்து (தண்டும் வேரும் சேருமிடம்) இன்று மண்ணுக்கு மேல் எவ்வளவு உயர்ந்து நிற்கிறது என்று பல செடிகளில் அளந்து, அந்த உயரத்தைச் செடியின் வயதால் வகுத்தால் மண் இழப்பின் வேகம் கிடைக்கும். 120 ஆண்டுச் செடியில் 24 சென்ரிமீற்றர் வெளிப்பட்டிருந்தால், ஆண்டுக்கு 2 மில்லிமீற்றர் மண் அந்தச் சரிவை விட்டுப் போயிருக்கிறது.