நீதிமானாக்கப்படுதல்: ‘ஆக்கு’ என்னும் வினை சுமக்கும் வழக்கு

மீட்பைக் குறித்துக் கத்தோலிக்கருக்கும் சீர்திருத்த (புராட்டஸ்டன்ட்) சபையாருக்கும் இடையே 16ஆம் நூற்றாண்டில் மூண்ட வழக்கு, பெருமளவுக்கு, பாவியான மனிதன் கடவுளின் முன் நீதிமானாவதைக் குறிக்கும் ‘ஜஸ்டிஃபிகேஷன்’ என்ற ஒரு சொல்லின் பொருளைப் பற்றியது. தமிழில் இதற்கு இரு சொல்லாட்சிகள் நிலைபெற்றுள்ளன. சீர்திருத்தச் சபைகள் வாசிக்கும் பழைய வேதாகமத்தில் ‘நீதிமானாக்கப்படுதல்’. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் ‘கடவுளுக்கு ஏற்புடையவராதல்’. நாளிதழ்களில் புழங்கும் ‘நியாயப்படுத்துதல்’ இங்கே உதவாது. செய்த தவற்றுக்குச் சாக்குச் சொல்வது என்ற பொருள் அதில் ஊறிவிட்டது.

புதிய ஏற்பாட்டுத் திருமுகங்களை எழுதிய திருத்தூதர் பவுல் கிரேக்க மொழியில் கையாண்ட வினை ‘டிகாயோ’. நீதியுள்ளவரைக் குறிக்கும் ‘டிகாயோஸ்’ என்பதிலிருந்து பிறந்தது. இந்த வாய்பாட்டு வினைகள் பல ஆக்குதலைக் குறித்தாலும், ஒழுக்கப் பண்பைச் சொல்லும் சொற்களிலிருந்து வருபவை ‘அப்படியெனக் கொள்ளுதல்’ என்ற பொருளையே பெரிதும் தரும். இலத்தீனில் அது ‘யூஸ்திஃபிகாரே’ ஆனபோது, செய்தலைக் குறிக்கும் ‘ஃபாகேரே’ அதனுள் வந்து அமர்ந்தது. தொடக்கத் திருச்சபையின் இறையியலாளர் அகுஸ்தீனார் அதை நீதிமானாகச் செய்தல் என்றே விளக்கினார். மேற்கத்திய இறையியலும் நூற்றாண்டுக்கணக்கில் அவ்வாறே வாசித்தது.

சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தரின் வழிவந்தோர் இதை நீதிமன்றச் சொல்லாகக் கொண்டனர். கிறிஸ்துவின் நீதி பாவியின் கணக்கில் எண்ணப்படுகிறது, அவன் நீதிமான் எனத் தீர்ப்புப் பெறுகிறான், உள்ளம் புதுப்பிக்கப்படுவது அதைத் தொடரும் பரிசுத்தமாகுதல் என்பது அவர்கள் நிலை. 1547 ஜனவரி 13 அன்று கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கம் ஓர் ஆணையாக அளித்த மறுமொழி, நீதிமானாக்கப்படுதல் பாவமன்னிப்பு மட்டுமன்று, உள்ளான மனிதன் புதுப்பிக்கப்படுவதும் அதனுள் அடங்கும் என்றது. கத்தோலிக்கர் நற்செயலைக் கொடுத்து மீட்பை வாங்குகிறார்கள் என்று மேடைகளில் சொல்லப்படுவது வெறும் வசை. இறையருள் இன்றித் தன் செயல்களாலேயே ஒருவர் நீதிமானாக முடியும் என்பாரைச் சபிப்பதே அந்த ஆணையின் முதல் விதி.

இனித் தமிழுக்கு வருவோம். ‘நீதிமான் ஆக்கப்படுதல்’ என்று பிரித்துப் பார்த்தால், சீர்திருத்தச் சபையாரின் வேதாகமம் திரெந்துச் சங்கத்தின் பக்கம் சாய்வதுபோலத் தோன்றும். ஆனால் நீதிமொழிகள் 17:15, துன்மார்க்கனை நீதிமானாக்குகிறவனும் நீதிமானைக் குற்றவாளியாக்குகிறவனும் கர்த்தருக்கு அருவருப்பானவர்கள் என்கிறது. தீயவனைத் திருத்தி நல்லவனாக்குவது அருவருப்பாக இருக்க முடியாது. எனவே இங்கே ‘ஆக்குதல்’ என்பது குற்றமற்றவன் எனத் தீர்த்துவிடுவதே. “என்னைப் பொய்யனாக்கிவிட்டாயே” என்று ஒருவர் வருந்தும்போதும், அவர் பொய் பேசக் கற்றுக்கொண்டார் என்று நாம் கொள்வதில்லை. உண்டாக்குதல், தீர்ப்பிடுதல் ஆகிய இரண்டையும் தமிழ் ‘ஆக்கு’ தாங்குகிறது. கட்சிகள் இரண்டும் தத்தம் பொருளை அதில் காணலாம்.

‘ஏற்புடையவர்’ வேறு வகை. ஏல் என்னும் வேருக்குப் பொருந்துதல், பெற்றுக்கொள்ளுதல் என்ற இரு பொருளும் உண்டு. உள்ளே என்ன மாறியது என்பதைவிடக் கடவுளின் முன் ஒருவர் பெறும் நிலையையே இச்சொல் முதலில் காட்டுகிறது. அவ்வகையில், கத்தோலிக்கர் வழிபாட்டில் வாசிக்கும் சொல்லே லூத்தருக்கு நெருக்கமானது. 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க்கில் கத்தோலிக்கத் திருச்சபையும் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் இக்கோட்பாட்டின் அடிப்படை உண்மைகளில் உடன்பாடு கண்டு கையொப்பமிட்டன. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே தமிழில் சொற்கள் இடம் மாறி அமர்ந்துவிட்டன எனலாம்.

எனினும் ‘ஏற்புடையவர்’ என்பதில் ஓர் இழப்பு உண்டு. உரோமையருக்கு எழுதிய திருமுகத்தில் கடவுளின் நீதி, நீதிமான், நீதிமானாக்குதல் மூன்றும் கிரேக்கத்தில் ஒரே வேரில் கிளைத்தவை. பவுலின் வாதமே அந்த ஒலியுறவில் ஓடுகிறது. நீதியை விட்டு ஏற்புக்குப் போனால் அந்தச் சரடு அறுந்துவிடும். ஆகவே கோட்பாட்டு விவாதத்துக்கு ‘நீதிமானாக்கப்படுதல்’, சொல்லறியாதவருக்கு எடுத்துரைக்க ‘ஏற்புடையவராதல்’ என்பது என் பரிந்துரை.