சர்வருக்கும் ராகு காலம் உண்டு

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு கல்லூரி மாணவர் கேட்டிருக்கிறார்: "தைப்பூசத்தைப் பற்றி மஸ்டொடோன் சமூக வலைத்தளத்தில் வரும் பதிவுகளைத் திரட்டப் பைதான் மொழியில் ஒரு நிரல் எழுதினேன், சார். நன்றாக ஓடிக்கொண்டே இருக்கும், திடீரென்று 429 என்று சொல்லி நின்றுவிடும். கொஞ்ச நேரத்தில் தானாகவே சரியாகும். பாட்டி மோடத்தின் மேல் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டார். என்னதான் நடக்கிறது?"

தம்பி, நின்றதற்கான காரணத்தையும் மறுபடி வரவேண்டிய நேரத்தையும் சர்வர் ஒவ்வொரு முறையும் உங்களுக்கு எழுதித்தான் அனுப்பியது. உங்கள் நிரல் அதைப் படிக்கவில்லை.

மாமாக் உணவுக்கடையில் நாலு பேருக்கு நாசி கண்டார் சோறு கட்டி வாங்கினால், எது கோழி, எது ஆட்டுக்கறி என்று காகிதத்தின் மேலேயே பேனாவால் கிறுக்கித் தருவார்கள். நிரல்கள் தரவு கேட்கும் வாசலான ஏபிஐ தரும் பதிலும் அப்படித்தான். முதலில் நிலை எண்: எல்லாம் சரி என்றால் 200, அளவுக்கு மீறிக் கேட்டுவிட்டால் 429. அடுத்து ஹெடர் எனப்படும் வரிகள். அப்புறம் ஒரு வெற்று வரி. அதற்குக் கீழேதான் நீங்கள் கேட்ட பதிவுகள். நீங்கள் அனுப்பிய நிரலைப் பார்த்தேன். பதில் வந்த கையோடு, பதிவுகள் அடங்கிய ஜேசன் பகுதியை மட்டும் உருவிக்கொண்டு மற்றதை விட்டுவிடுகிறது. சோற்றைத் தட்டில் கொட்டிவிட்டுக் காகிதத்தைக் கசக்கி எறிந்த கதைதான். பல நிரல் நூலகங்களும் இதையே செய்கின்றன. நீங்கள் பயன்படுத்தும் ரிக்வெஸ்ட்ஸ் நூலகத்தில் நல்லவேளையாகக் காகிதம் பத்திரமாக இருக்கிறது. பதில் பொருளின் ஹெடர்ஸ் என்ற பண்பைக் கேட்டால் எல்லாம் கிடைக்கும். அடுத்த பக்கத்தின் முகவரிகூட அங்கே லிங்க் என்ற வரியில்தான் இருக்கிறது.

உங்களுக்கு வேண்டிய ஹெடர்கள் மூன்று: எக்ஸ்-ரேட்லிமிட்-லிமிட் மொத்தச் சலுகை, ரிமெய்னிங் மீதி, ரீசெட் கணக்கு புதிதாகும் நேரம். மஸ்டொடோனின் இயல்பு அமைப்பில் ஒரு கணக்குக்கு 5 நிமிடத்தில் 300 அழைப்புகள் (சர்வரிடம் கேட்கும் ஒவ்வொரு முறையும் ஓர் அழைப்பு). அதற்கு மேல் 429.

இந்த 5 நிமிடத்தை சர்வர் எப்படி எண்ணுகிறது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். லட்சக்கணக்கானவர்கள் வந்து கேட்கும்போது ஆளுக்கொரு கடிகாரத்தை ஓடவிட்டு, ஐந்து நிமிடம் ஆனதும் ஒவ்வொருவர் கணக்கையும் பூஜ்யமாக்கிக்கொண்டிருக்க முடியாது. மஸ்டொடோன் செய்வது ஒரு வகுத்தல் மட்டுமே. கிரீன்விச் நேரப்படி 1970 ஜனவரி 1 நள்ளிரவிலிருந்து இதுவரை ஓடிய வினாடிகளை 300-ஆல், அதாவது 5 நிமிடத்தின் வினாடிகளால், வகுக்கிறது. மீதியை விட்டுவிட்டு ஈவை மட்டும் எடுத்து, அதையும் உங்கள் கணக்கு எண்ணையும் ஒட்டி ஒரு பெயர் உண்டாக்குகிறது. அந்தப் பெயரில் ஒரு எண்ணி. ஒவ்வொரு அழைப்புக்கும் ஒன்று கூடும். 300 வினாடிகள் முடிந்ததும் ஈவு ஒன்று ஏறும், பெயர் மாறும், புது எண்ணி தொடங்கும். பழையதை யாரும் அழிக்கவேண்டியதில்லை, அது தானாகக் காலாவதியாகும். நீங்கள் 1.03-க்கு ஆரம்பித்தாலும் சரி, 1.04-க்கு ஆரம்பித்தாலும் சரி, கதவு திறப்பது 1.05-க்கே.

இதைப் பார்த்ததும் எனக்குப் பஞ்சாங்கம் நினைவுக்கு வந்தது. பன்னிரண்டு மணி நேரப் பகலை எட்டாக வகுத்து, கிழமைக்கு ஒரு பங்கை ராகு காலம் என்கிறோம். ஆக, ஒன்றரை மணி நேரம். அதை நான் பார்ப்பதில்லை, வகுத்தவரின் கணக்கை மட்டும் ரசிக்கிறேன். பாட்டியிடம் சண்டை வேண்டாம், ஆனால் மோடத்தின் காற்றுத் துளைகளை அடைக்காத இடத்தில் பழத்தை வைக்கச் சொல்லுங்கள்.

ரீசெட்டைப் படிக்கும்போது ஒரு எச்சரிக்கை. மஸ்டொடோன் அந்த நேரத்தை இசட் என்ற எழுத்தில் முடியும் உலகப் பொது நேரமாகத் தருகிறது. நான் முதன்முதலில் அந்த எழுத்தை வெட்டி எறிந்துவிட்டு, மிச்சத்தைப் பினாங்கு நேரம் என்று வைத்துக்கொண்டேன். கதவு எப்போதோ திறந்துவிட்டது என்று நம்பி என் நிரல் ஒரு நொடிகூடக் காத்திருக்காமல் தட்டிக்கொண்டே இருந்தது. எட்டு மணி நேர வித்தியாசம்!

முன்பு ட்விட்டராக இருந்த எக்ஸ் தளம் இதே தகவலை 1970-இலிருந்து ஓடிய வெறும் வினாடிக் கணக்காகத் தருகிறது, அங்கே 5 நிமிடத்துக்குப் பதில் பெரும்பாலும் 15 நிமிடச் சாளரம். ஆனால் 2023-இல் இலவச அணுகலை அவர்கள் வெட்டிய பிறகு, உங்களைப் போன்ற மாணவர்களுக்கு அது எட்டாக்கனியாகிவிட்டது. ஆய்வு நிதி என்றால் கட்டடமும் கணினியும் வாங்குவதற்கு மட்டும் என்று நினைப்பவர்கள், தரவுக்கும் காசு ஒதுக்கவேண்டிய காலம் இது என்பேன்.

வினாடிக் கணக்கோடு விளையாட ஆசையிருந்தால், நேர மண்டலத்தைக் கோலாலம்பூர் என்று வைத்திருக்கும் ஒரு லினக்ஸ் கணினியில் 0 என்ற வினாடியை உள்ளூர் நேரமாக மாற்றிப் பாருங்கள். காலை 8.00 வராது, 7.30 என்று வரும். பிழை இல்லை. தீபகற்ப மலேசியா அப்போது கிரீன்விச்சைவிட ஏழரை மணி நேரமே முந்தியிருந்தது. 1982 பிறந்தபோதுதான் அரை மணி முன்னே தள்ளி எட்டாக்கினார்கள். திங்கட்கிழமையாக இருந்திருந்தால் 7.30 ராகு காலம் தொடங்கும் நேரம். நல்லவேளை, 1970 ஜனவரி 1 வியாழக்கிழமை. 1982 பிறந்தபோது கடிகாரத்தை முன்னே தள்ளி வைத்த அந்த இரவைப் பற்றிப் பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள்.